வாங்கும் முன் கேளுங்கள்: பறவைகளுக்குத் தானியம் வைக்கும் ஃபீடர்

கேள்வி: வீட்டுத் தோட்டத்துக்கு முதன்முறையாக ஒரு ஃபீடர் வாங்கப் போகிறேன். குழாய், தட்டு, கூரை வைத்த பெட்டி ஆகியவற்றில் எது நல்லது?

பதில்: வடிவத்துக்கு முன்னால், அதைக் கழற்றிக் கழுவ முடியுமா என்று பாருங்கள். அடிப்பகுதி தனியாக வராததையும் உள்ளே பிரஷ் நுழையாததையும் கடையிலேயே விட்டுவிடுங்கள். கழற்ற முடிந்தவற்றுள், சிறு பறவைகள் மட்டும் போதுமென்றால் குழாய் ஏற்றது. புறா போன்ற பெரியவையும் வரட்டும் என்றால், நீர் வடியத் துளைகள் உள்ள தட்டை வாங்குங்கள். கூரைப் பெட்டி மழையை ஓரளவு தடுக்கும். ஆனால் அதன் மூலைகளில் தங்கும் தானியம் ஈரமேறிப் பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: ஜன்னலிலிருந்து 4 மீட்டர் தள்ளி ஃபீடரை மாட்டினேன். அடுத்தடுத்து இரண்டு பறவைகள் கண்ணாடியில் மோதி இறந்துவிட்டன. பருந்து வடிவ ஸ்டிக்கர் ஒட்டியும் பயனில்லை.

பதில்: வருந்துகிறேன். நீங்கள் தேர்ந்தது ஆகாத தூரம். திடுக்கிட்டுப் பறக்கும் பறவை 4 மீட்டருக்குள் உயிரைப் பறிக்கும் வேகத்தை எட்டிவிடும். கண்ணாடியில் தெரியும் வானத்தையும் மரத்தையும் அது உண்மை என்றே நம்புகிறது. ஃபீடரை ஜன்னலுக்கு 1 மீட்டருக்குள் கொண்டுவாருங்கள், அங்கே மோதினாலும் அடி பலமாக இருக்காது. இல்லையென்றால் 10 மீட்டருக்கு அப்பால் நகர்த்துங்கள். தனிப் பருந்து ஸ்டிக்கருக்கு எந்தப் பறவையும் அஞ்சுவதில்லை, அது ஒட்டியிருக்கும் இடத்தை மட்டும் விலக்கிப் பறக்கும். கண்ணாடியின் வெளிப்புறம் முழுவதும் 5 செ.மீ. இடைவெளியில் புள்ளிகள் ஒட்டினால்தான் பலன் உண்டு.

கேள்வி: எங்கள் பூனை ஃபீடருக்கு அடியிலேயே காத்திருக்கிறது. பூனையை விரட்ட என்ன கருவி வாங்கலாம்?

பதில்: எதுவும் வாங்க வேண்டாம். பூனையை வீட்டுக்குள் வையுங்கள். முடியாதென்றால் ஃபீடரைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: தள்ளுபடியில் 20 கிலோ தானியக் கலவை வாங்கினேன். பறவைகள் பாதியைக் கீழே தள்ளிவிடுகின்றன. இப்போது எலிகள் வருகின்றன. ஃபீடரை மாற்ற வேண்டுமா?

பதில்: மூட்டையின் பின்புறத்தில் என்ன எழுதியிருந்தது என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை, படித்திருந்தால் தள்ளுபடிக்கான காரணம் அங்கேயே கிடைத்திருக்கும். மலிவுக் கலவைகளில் எடைக்காகச் சிவப்புச் சோளத்தை நிறையச் சேர்ப்பதுண்டு. சூரியகாந்தி விதையைத் தேடி வரும் பறவை மற்றதைச் சிந்திவிடும். ஃபீடரை மாற்றினாலும் அது சிந்தத்தான் செய்யும். சூரியகாந்தி விதையைத் தனியாக, சிறிய அளவில் வாங்கி, ஒரு நாளில் தின்று தீரும் அளவு மட்டும் வையுங்கள். கீழே விழுந்ததை மாலையில் கூட்டி அள்ளுங்கள்.

கேள்வி: பரிசாக வந்த அழகான மரவீடு ஃபீடர். ஓராண்டாகக் கழுவியதில்லை, கழற்றவும் வழியில்லை. நேற்று கண் வீங்கிய ஒரு பறவை அதில் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

பதில்: இன்றே இறக்கிவிடுங்கள். ஃபீடர் செய்பவர்களில் பலர் பறவைக்காகச் செய்வதில்லை, வாங்குபவரின் கண்ணுக்காகச் செய்கிறார்கள் என்பது என் பழைய புகார். வண்ணம் பூசிய கூரையையும் சின்னஞ்சிறு கதவையும் ஒட்டித் தருபவர்கள், தினமும் பல பறவைகள் எச்சமிட்டு அலகு வைக்கும் அந்தப் பலகையை எப்படித் தேய்ப்பது என்று யோசிப்பதே இல்லை. அப்படியொரு கண்ணாடிக் கோளத்தை நானும் வாங்கியிருக்கிறேன். அதன் கழுத்தில் எந்தப் பிரஷும் நுழையாததால், இப்போது அதில் சட்டைப் பொத்தான்கள் கிடக்கின்றன. இது வெறும் அழுக்குப் பிரச்சினை அன்று. 1994-இல் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஹவுஸ் ஃபிஞ்ச் என்னும் சிறு பறவைகளிடம் காணப்பட்ட கண்நோய் ஃபீடர்கள் வழியாகவும் பரவியது. பிரிட்டனில் 2005 முதல் காணப்பட்ட ட்ரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணித் தொற்று, கிரீன்ஃபிஞ்ச் என்னும் சிறு பறவையின் எண்ணிக்கையைப் பெரிதும் குறைத்தது. ஃபீடரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது, மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து ஊறவைத்துத் தேய்த்து, நன்றாக அலசி, முற்றிலும் உலர்ந்த பிறகே நிரப்ப வேண்டும். நோயுற்ற பறவையைக் கண்டுவிட்டதால், குறைந்தது இரண்டு வாரங்களுக்கு நீங்கள் தீனியே வைக்கக் கூடாது. அந்த மரவீட்டை அலங்காரமாக வீட்டுக்குள் வையுங்கள், பரிசளித்தவரும் மகிழ்வார்.

கேள்வி: பூந்தேன் குடிக்கும் குட்டிப் பறவையான ஹம்மிங்பேர்டுக்கான சிவப்பு ஃபீடரில் ஆறு மாதமாகச் சர்க்கரை நீர் வைக்கிறேன். ஒன்றுகூட வரவில்லை. நான் இருப்பது அமெரிக்கக் கண்டங்களில் இல்லை என்பது காரணமாக இருக்குமா?

பதில்: இருக்கும். அவை அங்கு மட்டுமே வாழ்கின்றன.

கேள்வி: பறவையின் பெயரைச் சொல்லும் கேமரா ஃபீடர் என்று விளம்பரம் பார்த்து வாங்கினேன். ஒரு மாதம் கழிந்ததும், பெயர் தெரிய வேண்டுமானால் மாதச் சந்தா கட்டுங்கள் என்கிறது செயலி. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். சந்தாவைப் பற்றிய வரி விளம்பரத்திலும் பெட்டியிலும் இல்லையென்றால், உங்கள் மேல் பிழை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. விளம்பரப் பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். அதையும் ரசீதையும் இணைத்து, சொன்ன வசதி இல்லாத பொருளுக்குப் பணத்தைத் திருப்பித் தருமாறு எழுத்து மூலம் கேளுங்கள். தொலைபேசியில் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அதோடு நின்றுவிடாதீர்கள். கார்டில் செலுத்தியிருந்து விற்றவர் மறுத்தால், காலக்கெடு முடிவதற்குள் வங்கியிடம் முறையிடுங்கள். அதுவரை, பொருள் வந்த பெட்டியை எறிந்துவிட வேண்டாம். பொருளைத் திருப்பி அனுப்பும்போது அது இல்லையென்பதையே சிலர் சாக்காகச் சொல்வார்கள்.