காகிதத்துக்கு எதற்குக் கஞ்சி?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைச் சுற்றி வந்திருப்பதால், மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கோபிக்க வேண்டாம்.

கே: காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து மகனின் நோட்டில் சிந்தி, அந்த இடம் கறுநீலமாகிவிட்டது. அப்படி ஆனால் அங்கே மாவு இருக்கிறது என்று பள்ளியில் படித்த ஞாபகம். பேப்பரிலுமா மாவு கலந்து ஏமாற்றுகிறார்கள்?
– ஒரு தாய், திண்டுக்கல்

ப: படித்தது சரி, மாவு இருப்பதும் உண்மை, ஏமாற்று மட்டும் இல்லை. எடையைக் கூட்டுவதுதான் நோக்கம் என்றால் ஆலைக்காரர் சுண்ணாம்புத் தூளைக் கொட்டிவிட்டுப் போவார், அது ஸ்டார்ச்சைவிட, அதாவது நீங்கள் சொல்லும் மாவைவிட, மலிவு. (அதையும் கொட்டுகிறார்கள், தாள் வெள்ளையாகவும் பின்பக்க எழுத்து தெரியாமலும் இருக்க.) நாரும் அந்தத் தூளும் போக, காகிதத்தில் அடுத்தபடியாக அதிகம் சேர்வது ஸ்டார்ச்தான்.

காகிதம் என்பது தண்ணீரில் மிதக்கும் மர நாரைச் சல்லடையில் வடித்து, அழுத்தி, காயவைத்தது, அவ்வளவுதான். நாரும் நாரும் தொடுகிற இடங்களில் ஒட்டிக்கொள்வதால் அது தாளாக நிற்கிறது. அந்த ஒட்டுகளைக் கூட்டத்தான் ஸ்டார்ச். நாரில் இருக்கும் செல்லுலோஸும் ஸ்டார்ச்சும் இரண்டுமே குளுக்கோஸைக் கோத்த சங்கிலிகள். பங்காளி முறை, ஆனால் சண்டை போடாத பங்காளிகள், நன்றாகவே ஒட்டிக்கொள்வார்கள். பருத்தி வேட்டிக்குக் கஞ்சி போட்டால் வருகிற விறைப்பு தாளுக்கும் வருகிறது, கிழியாத பலமும் கூட வருகிறது.

வேதியியல் கூடத்து வடிதாளில் இதே மருந்தை விட்டுப் பாருங்கள், நீலமாகாது. ரூபாய் நோட்டும் அப்படித்தான், அது பருத்தி நார். கள்ள நோட்டைக் கண்டுபிடிக்க ஒரு பேனா விற்கிறார்களே, அதன் மையில் இருப்பது அயோடின்தான். சாதாரணத் தாளில் அடித்த நோட்டு என்றால் ஸ்டார்ச் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் கையில் இருக்கும் நோட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள், கறையான நோட்டைக் கடைக்காரர் வாங்க மாட்டார்.

கே: நாங்கள் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போடுகிறவர்கள். பேப்பர் மில்காரர்கள் சாதா ஸ்டார்ச் வேண்டாம், "கேட்டயானிக்" வேண்டும் என்கிறார்களாம். பார்வைக்கு ரெண்டும் ஒரே வெள்ளை மாவு. விலை மட்டும் ஏன் ஏறுகிறது?
– ஒரு விவசாயி, ஆத்தூர், சேலம் மாவட்டம்

ப: நியாயமான கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சாதா மாவைக் காய்ச்சிக் கூழில் ஊற்றினால் என்ன ஆகும்? மில்லில் கூழ் என்று நாம் சொல்வது நார் மிதக்கும் தண்ணீர்தான், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் தண்ணீர். அதில் கரைந்த கஞ்சிக்கு நாரோடு போய் உட்கார எந்தக் கட்டாயமும் இல்லை. சல்லடையில் தண்ணீர் வடியும்போது கஞ்சியும் கூடவே வடிந்துவிடும், பாதிக்கு மேல்கூடப் போய்விடுவது உண்டு. வீட்டில் வேட்டியை முக்கியெடுத்த பிறகு மிச்சக் கஞ்சியைச் செடிக்கு ஊற்றிவிடுகிறோம், கணக்குத் தீர்ந்தது. ஆலையில் அப்படி முடியாது. வடிந்த தண்ணீர், அதாவது பேக்வாட்டர், சுற்றிச் சுற்றி மறுபடி உபயோகமாகிறது. அதில் கஞ்சி சேரச் சேரக் கிருமி வளர்ந்து, நாற்றமெடுத்து, கொழகொழவென்று சளி கட்டி, அந்தச் சளி தாளில் விழுந்து ஓட்டை போடும். வெளியே விடும் கழிவுநீரும் கெடும். போட்ட பணமும் போய், சுத்திகரிக்கத் தனிச் செலவு.

தண்ணீரில் இருக்கும் நாரின் மேல் எதிர்மின் தன்மை உண்டு. சாதா ஸ்டார்ச்சுக்கு எந்தப் பக்கமும் இல்லை. அதன்மேல் நேர்மின் தன்மையுள்ள ஒரு சின்னக் குழுவை வேதிமுறையில் தைத்துவிட்டால் நார் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அதுதான் கேட்டயானிக். நிறையத் தைக்க வேண்டியதும் இல்லை, நூறு குளுக்கோஸ் மணிகளில் இரண்டிலிருந்து ஐந்துக்குத் தைத்தால் போதும். சேர்க்கிற மாவில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தாளிலேயே தங்கிவிடும். டன் காகிதத்துக்கு 5 முதல் 15 கிலோ வரை போடுவார்கள். நாரோடு சேர்த்துச் சுண்ணாம்புத் தூளையும் பிடித்து நிறுத்துவது உபரி லாபம்.

செய்முறையில்தான் விலை ஏறுகிறது. மாவைத் தண்ணீரில் கரைத்து, காரமும் அந்த நேர்மின் குழுவைத் தரும் ரசாயனமும் சேர்த்து, அது வெந்துவிடாத சூட்டில், சுமார் 40 டிகிரியில், மணிக்கணக்கில் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும்; மாவின் குருணை, அதாவது நுண்ணிய மணி, வீங்காமலிருக்கச் சோடியம் சல்பேட் மாதிரி ஓர் உப்பு; பிறகு அமிலம் விட்டுச் சமன் செய்து, கழுவி, காயவைத்து மூட்டை கட்ட வேண்டும். குருணை உடையாததால் பார்வைக்கு நீங்கள் சொன்ன அதே வெள்ளை மாவுதான். மில்லில் அதைக் காய்ச்சித்தான் சேர்க்க வேண்டும். சரியாக வேகாவிட்டால் தாளில் மீன் கண் மாதிரி பளபளப்பாகப் புள்ளி விழும்.

உங்கள் கிழங்குக்கு இதில் நல்ல மதிப்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மக்காச்சோள மாவைவிட இதில் புரதமும் கொழுப்பும் குறைவு, குறைந்த சூட்டிலேயே வேகும், கஞ்சி கண்ணாடியாக இருக்கும். ஸ்டார்ச்சில் கிளை விடாமல் நேராக நீளும் சங்கிலிக்கு அமைலோஸ் என்று பெயர். சோள மாவில் அது கால் பங்குக்கு மேல், கிழங்கு மாவில் சுமார் 17 சதவீதம். அமைலோஸ் அதிகமானால் ஆறிய சோறு விறைக்கிற மாதிரி கஞ்சியும் இறுகும். சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததை எல்லோரும் கொண்டாடினோம், சரிதான். ஆனால் மாவாக விற்பதோடு நிற்காமல் மாற்றிய ஸ்டார்ச்சாக விற்றால்தான் கிழங்கு விலை விழுகிற வருஷங்களில் ஒரு பிடி இருக்கும் என்பது என் எண்ணம். அதிக தூரமில்லாமல் பள்ளிபாளையத்திலும் காகிதபுரத்திலும் பெரிய காகித ஆலைகள் இருக்கின்றன. காகிதபுரத்தில் கரும்புச் சக்கைதான் முக்கிய மூலப்பொருள், அந்த நார் குட்டை. குட்டை நாருக்கும், பழைய அட்டையை அரைத்து எடுக்கும் தேய்ந்துபோன நாருக்கும்தான் கஞ்சியின் உதவி அதிகம் தேவை.

ஒரு எச்சரிக்கை. நல்லது என்பதற்காக அளவுக்கு மீறிப் போட்டால், நாரெல்லாம் திட்டுத் திட்டாகக் கூடிக்கொண்டு, தாளை வெளிச்சத்தில் பிடித்தால் மேகம் மேகமாகத் தெரியும்.

கே: ஆஃப்செட் மெஷினில் சில லாட் பேப்பர் பஞ்சு பஞ்சாக உதிர்ந்து பிளாங்கெட்டில் (மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் விரிப்பில்) ஒட்டுகிறது, ஐந்நூறு தாளுக்கு ஒரு முறை நிறுத்தித் துடைக்கிறோம். கஞ்சி போதாதா?
– ஓர் அச்சகத்தார், சிவகாசி

ப: பெரும்பாலும் மேல் கஞ்சி போதாது. முன்னே சொன்னது கூழில் சேர்ப்பது. தாள் உருவாகி ஒரு முறை காய்ந்த பிறகு, சைஸ் பிரஸ் என்ற இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு, மேலே கீழே இரு பக்கமும் ஸ்டார்ச் பூசுவார்கள். அங்கே அளவு பெரிது, டன்னுக்கு 30 முதல் 60 கிலோ வரை போகும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நாரையும் தூளையும் அமுக்கி ஒட்டவைப்பது இதுதான். ஆஃப்செட் மை பிசுபிசுப்பானது, ஒட்டாத எதையும் பிடுங்கிவிடும். ஓரத்தில் மட்டும் உதிர்ந்தால் கஞ்சியைத் திட்டாதீர்கள், வெட்டும் கத்தி மழுங்கியிருக்கும்.

சைஸ் பிரஸ்ஸுக்கு நீர்த்த கஞ்சி வேண்டும், ஆனால் அதில் மாவு நிறைய இருக்க வேண்டும். சாதா மாவை அந்த அளவுக்குக் கரைத்தால் களியாகிவிடும். அதனால் சங்கிலியைத் துண்டாக்குவார்கள்: ஹைப்போகுளோரைட்டால் ஆக்சிஜனேற்றம் செய்த மாவை வாங்கலாம், அல்லது ஆலையிலேயே ஆல்ஃபா அமைலேஸ் என்சைமை விட்டு வெட்டிக்கொள்ளலாம். சோற்றை ரொம்ப நேரம் மென்றால் இனிக்கிறதே, அதைச் செய்வது நம் எச்சிலில் இருக்கும் ஆல்ஃபா அமைலேஸ்தான்.

இதில் நானே மாட்டிய கதை ஒன்று. நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் திடீரென்று சுண்ணாம்புத் தூள் தாளில் நிற்காமல் சல்லடை வழியே ஓட ஆரம்பித்தது. இரண்டு நாள் ரசாயனம் கொடுத்தவரைத் தொலைபேசியில் வறுத்தெடுத்தோம். அப்புறம்தான் பிடிபட்டது, திரும்பி வந்த ஒரு பெரிய லாட்டை மொத்தமாக அரைத்துக் கூழில் சேர்த்திருக்கிறார்கள். அதன்மேல் பூசியிருந்தது ஆக்சிஜனேற்றிய ஸ்டார்ச். அதற்கு எதிர்மின் தன்மை. தூளைப் பிடிப்பதற்குப் பதில் பிரித்துவிட்டுக்கொண்டே இருக்கும், நாம் போட்ட கேட்டயானிக்கையும் தின்றுவிடும். மாவு ஒன்றுதான், மாற்றிய விதம் வேறு, ஒன்று கட்டுகிறது, இன்னொன்று அவிழ்க்கிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்டோமா? டீ வாங்கிக் கொடுத்தோம்.

கே: தக்காளி சாஸ் பாட்டிலிலும் "மாடிஃபைடு ஸ்டார்ச்" என்று இருக்கிறதே, அதுவும் பேப்பர் மாவா? மரபணு மாற்றியதா?
– ஒரு கல்லூரி மாணவி, கோவை

ப: இரண்டும் இல்லை. மாற்றியது மாவை, பயிரை அல்ல. சாஸில் 1422, 1442 என்று எண் போட்டிருப்பார்கள், அவை உணவுக்கு அனுமதித்த வகைகள். கேட்டயானிக் அந்தப் பட்டியலில் கிடையாது, ஆலையோடு சரி.

கே: அட்டைப்பெட்டியில் நெளிநெளியாக ஒட்டுகிற பசையும் இதுவேயா? மழைக்காலத்தில் பிரிந்துவிடுகிறது.
– ஒரு வியாபாரி, திருப்பூர்

ப: அதுவும் ஸ்டார்ச்தான், ஆனால் பெரும்பகுதியை வேகவைக்காமலே பூசுவார்கள். கொஞ்சம் மாவைக் காஸ்டிக் சோடாவில் காய்ச்சிய கஞ்சியில் பச்சை மாவு மிதக்கும், போராக்ஸும் (வெண்காரம்) கலந்திருக்கும். சூடான தகட்டில் அட்டை ஓடும்போது, 60 டிகிரி தாண்டியதும் ஒரு நொடியில் வெந்து பிடித்துக்கொள்ளும். ஈரம் தாங்க வேண்டுமானால் தண்ணீரை எதிர்க்கும் பிசினைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள், விலை கொஞ்சம் கூடும்.

கே: இராமபாணப் பூச்சி புத்தகத்தை அரிப்பது இந்த மாவுக்காகத்தானா?
– ஓய்வுபெற்ற நூலகர், தஞ்சாவூர்

ப: ஆமாம், அதற்கு மாவு என்றால் உயிர். தாளின் மேல்பூச்சைச் சுரண்டும், முதுகில் தடவிய மைதாப் பசையை இன்னும் ஆசையாகத் தின்னும். பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் போடுவது இதனால்தான். குழந்தைகள் கடித்து விளையாடும் புத்தகத்துக்கு அது வேண்டாம், விஷம். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். ஈரமில்லாத இடத்தில் பூச்சி பெருகாது.