நூற்றுக்கு எவ்வளவு, எத்தனை நாளைக்கு?

தம்பி, மேலூரிலிருந்து செப்டம்பரில் டொராண்டோவுக்குப் படிக்க வருகிறேன், கணக்கு எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது, அங்கே ஒட்டியிருக்கும் விலை ஒன்று, வாங்கும் பணம் வேறு என்கிறார்களே, இந்தப் பெர்சன்ட் கணக்கை எப்படிச் சமாளிப்பது அண்ணே என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே குளிர் ஜாக்கெட்டை மதுரையிலேயே வாங்கிவிடலாமா, புழுங்கல் அரிசி கிடைக்குமா என்றும். ஜாக்கெட்டை இங்கே வந்து வாங்குங்கள். அரிசி என்ன, டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் முருங்கைக்கீரையே கிடைக்கும். அதை விடுங்கள். முதல் கேள்விக்கு வருகிறேன், அதில் நான் அடிபட்டவன்.

2009 ஜனவரி, நான் வந்து இறங்கிய நாலாம் நாள். பையில் ஒரே ஒரு இருபது டாலர் நோட்டு. கம்பளித் தொப்பி, கையுறை, ஒரு துண்டு என்று மனதுக்குள் கூட்டிக் கூட்டி 19.50-இல் நிறுத்திவிட்டுக் கல்லாவுக்குப் போனேன். அந்தப் பெண் 22.04 என்றாள். ஊருக்குப் புதுசு என்று ஏமாற்றுகிறாள் என்றே நினைத்தேன். நம் ஊரில் பாக்கெட்டில் அச்சடித்த விலைக்குள் வரியெல்லாம் அடங்கிவிடும். இங்கே கல்லாவில்தான் சேர்ப்பார்கள். அப்போது மத்திய வரி 5, மாகாண வரி 8 என்று தனித்தனியாக இருந்தது. 2010 ஜூலையில் இரண்டையும் சேர்த்து ஒன்டாரியோவில் எச்எஸ்டி 13 சதவீதம் என்று ஆக்கினார்கள். இன்றும் அதுதான். அரிசி, பால், காய்கறிக்கு மட்டும் கிடையாது.

எனக்குப் பின்னால் நின்ற யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், "தம்பி, டக்ஸ் இருக்கெல்லே" என்று சொல்லிவிட்டு, குறைந்த காசைத் தானே எடுத்து வைத்தார். வெளியே பஸ் வரும்வரை பாடமும் நடத்தினார். பத்து வீதம், அதாவது பத்து சதவீதம், வேண்டுமென்றால் புள்ளியை ஓர் இடம் முன்னால் தள்ளு, 19.50 என்பது 1.95 ஆகும். இன்னும் ஓர் இடம் தள்ளினால் ஒரு வீதம், கிட்டத்தட்ட 20 காசு. பத்து ஒரு தரம், ஒன்று மூன்று தரம், கூட்டினால் 13. அவ்வளவுதான். எட்டாம் வகுப்பில் பிரம்படி வாங்கியும் ஏறாதது, அந்தக் குளிரில் பத்து நிமிஷத்தில் ஏறியது. நம் ஊர்க்காரர்கள் சிலர் ஈழத்துக்காரர்களைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். அந்தப் பேச்சு தொடங்கினால் நான் எழுந்துவிடுவேன்.

அப்புறம் டிப்ஸ். உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் 15 முதல் 20 சதவீதம் எதிர்பார்ப்பார்கள். கார்டு மிஷினை நீட்டுவார்கள், அதில் 15, 18, 20 என்று பொத்தான் இருக்கும். பல மிஷின்கள் வரியும் சேர்ந்த தொகைக்குத்தான் கணக்குப் போடும். சாப்பாடு 40, வரி 5.20 என்று வையுங்கள். 40-க்கு 18 சதவீதம் 7.20. மிஷின் 45.20-க்குப் போட்டு 8.14 எடுக்கும். வரிக்கும் டிப்ஸ் வைக்க நமக்கென்ன வேண்டுதலா? என் வழி எளிது: பில்லில் வரி என்று போட்டிருப்பதே 13 சதவீதம். அதற்கு மேல் கொஞ்சம் ஏற்றி 6 டாலராக வைத்தால் 15 ஆகிவிடும். டிப்ஸே வைக்காமல் வந்துவிட்டு அதைச் சாமர்த்தியம் என்று பத்துப் பேரிடம் சொல்லும் நம் ஆட்களைப் போல மட்டும் ஆகிவிடாதீர்கள். பதினைந்து வருஷமாக ஒவ்வொரு காபியையும் ரூபாயில் பெருக்கி நெஞ்சில் அடித்துக்கொள்கிறவர்களும் அவர்களேதான்.

30 சதவீதத் தள்ளுபடி, மேலே இன்னொரு 20 என்று எழுதியிருந்தால் பாதி விலை என்று பாயாதீர்கள். 100 முதலில் 70 ஆகும், அந்த 70-இல்தான் 20 போகும், 56 கொடுக்க வேண்டும். ஆடித் தள்ளுபடியில் நீங்கள் பார்க்காததா.

நான் உண்மையில் சொல்ல வந்தது வட்டி. கணக்கு ஆகாது என்கிறீர்கள், ஆனால் தெற்காவணி மூல வீதி நகைக்கடையில் அம்மா சேதாரத்தை 12-லிருந்து 10-க்கு இறக்கப் பேரம் பேசியபோது பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். 'ரெண்டு வட்டி' என்றால் நூற்றுக்கு இரண்டு, அதுவும் மாதத்துக்கு, வருஷத்துக்கு 24 என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே கிரெடிட் கார்டில் 19.99 என்று போட்டிருப்பது வருஷத்துக்கு. நம் கணக்கில் ஒன்றே முக்கால் வட்டிக்குக் கொஞ்சம் கீழே. அது பரவாயில்லை. சம்பள நாள்வரைக்கும் கடன் என்று போர்டு வைத்திருக்கும் கடைகள்தான் ஆபத்து. 'நூற்றுக்கு 14 டாலர்' என்றிருக்கும். வருஷத்துக்கு 14 போல என்று உள்ளே போய்விடுவீர்கள். அது இரண்டு வாரத்துக்கு! வருஷத்துக்கு 26 தரம் இரண்டு வாரம் வரும், பெருக்கினால் 364. 2025 ஜனவரியிலிருந்து பெரும்பாலான தனிநபர் கடன்களுக்கு வருஷம் 35 சதவீதத்துக்கு மேல் வாங்கினால் குற்றம், இதற்கோ நூற்றுக்கு 14 என்று தனி வரம்பு. என்னோடு அறையில் இருந்த உசிலம்பட்டிப் பையன் 2010-இல் எடுத்தபோது அந்த வரம்பு 21. 300 வாங்கினான், இரண்டு வாரத்தில் 363 கட்ட வேண்டும். கட்ட முடியாமல் அடுத்த கடையில் வாங்கி இந்தக் கடையில் கட்டினான். அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படியே ஓடியது.

அவனைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு என் அம்மாச்சி ஞாபகம்தான். விளக்குத்தூண் பக்கம் பூ விற்றாள். தண்டல்காரர் ஆயிரம் என்று எழுதி 900 கொடுப்பார், தினம் பத்து ரூபாய், நூறு நாள், அட்டையில் ஒவ்வொரு கட்டமாகக் கிறுக்கிவிட்டுப் போவார். நான் பள்ளியில் தனிவட்டி படித்த புதுசு. "பத்துப் பெர்சன்ட்தான் அம்மாச்சி, ஒண்ணும் பெருசில்ல" என்றேன். இதை இங்கே வந்தபிறகு ஒரு நாள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன், வருஷத்துக்கு 80-க்கு மேல் வந்தது.

அன்றைக்கு அவள் நாரில் மல்லிகையைக் கட்டிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: "கைக்கு வந்தது தொள்ளாயிரம்டா. அதுலயும் தெனம் பத்துப் பத்தாத் திரும்பிப் போயிக்கிட்டே இருக்கு. அம்பதாம் நாளு எங்கிட்ட ஏதுடா ஆயிரம்?"