சேவ் நிற்காத போக்கிமான் கேசட்: விற்றவர் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

நிண்டெண்டோவின் பழைய கையடக்க விளையாட்டுக் கருவியான கேம்பாய்க்குரிய விளையாட்டுகளை வாங்கியவர்களிடமிருந்து வந்த கடிதங்கள் இந்த முறை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: சின்ன வயதில் அண்ணனும் நானும் ஆடிய போக்கிமான் சில்வர் கேசட்டை ஆன்லைனில் தேடிப்பிடித்து வாங்கினேன். 'சோதித்தது, நன்றாக ஓடும்' என்று போட்டிருந்தார்கள். ஓடுகிறது. ஆனால் ராத்திரி சேவ் செய்துவிட்டுக் காலையில் போட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. கேட்டால் 'கேம் ஓடுகிறதே, அப்புறம் என்ன' என்கிறார் விற்றவர். (கோவை)

பதில்: பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், தயங்காதீர்கள். நாற்பது ஐம்பது மணி நேரம் ஆட வேண்டிய விளையாட்டு அது, சேவ் நிற்காவிட்டால் அதை ஓடுகிறது என்று சொல்லவே கூடாது. இதைச் சொல்லாமல் விற்கிறவர்கள் மேல் எனக்குப் பல வருடக் கோபம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போக்கிமான் என்றால் பிராணிகளைப் பிடித்துச் சேர்க்கும் விளையாட்டு. அதன் முதல் பதிப்புகளான ரெட், கிரீன் இரண்டும் 1996-ல் ஜப்பானில் வந்தபோது கேசட்டுக்குள் ஒரு பட்டன் செல் இருந்தது. நீங்கள் பிடித்த பிராணிகளை நினைவில் வைத்திருப்பது அந்தச் செல்தான், அது செத்தால் எல்லாம் போச்சு. 1999-ல் வந்த அடுத்த பதிப்புகளான கோல்டு, சில்வரில் அதே செல்லுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. கேசட்டுக்குள்ளேயே ஒரு கடிகாரம். கருவியை அணைத்து வைத்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும், ஹூட்ஹூட் என்ற ஆந்தை ராத்திரியில்தான் புல்லில் தட்டுப்படும். அருமையான யோசனை, ஆனால் செல் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால்தான் வயதில் மூத்த ரெட் கேசட்டில் சேவ் இன்னும் நிற்க, சில்வரில் நிற்பதில்லை. 2002-ல் ரூபி, சஃபையர் பதிப்புகள் வந்தபோது சேவ் செய்வதை, செல் இல்லாமலே நினைவில் வைத்திருக்கும் ஃப்ளாஷ் சிப்புக்கு மாற்றிவிட்டார்கள், செல் கடிகாரத்துக்கு மட்டும். 2004-ல் வந்த ஃபயர்ரெட், லீஃப்கிரீனில் செல்லே கிடையாது. பழைய கேசட் வியாபாரம் செய்கிறவருக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் டைட்டில் திரையை மட்டும் படம் எடுத்துப் போடுகிறார்கள்.

எனக்கும் நடந்தது. நல்ல விலை கொடுத்து ஒரு போக்கிமான் கிரிஸ்டல் கேசட் வாங்கினேன். இரண்டு வாரம் சேவ் நின்றது, பிறகு ஒரு நாள் காலையில் எல்லாம் காலி. பிரித்துப் பார்த்தால் புதுச் செல்லைச் சால்டர் செய்யாமல் செலோடேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். பசை காய்ந்து டேப் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

பணம் திரும்ப வராவிட்டால், விற்றது கடையாக இருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுங்கள். விளம்பரத்தையும் உரையாடலையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேசட்டை வைத்துக்கொள்வதென்றால், CR2025 என்ற வகையில், சால்டர் செய்ய உலோகக் காலோடு வரும் செல்லாகப் பார்த்து வாங்கி, சால்டரிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். மூடியைத் திறக்க 3.8 மி.மீ. தனி ஸ்க்ரூடிரைவர் வேண்டும்.

கேள்வி: கேம்பாய்க்குப் பிறகு வந்த நிண்டெண்டோ டிஎஸ் லைட் கருவியை வாங்கிவிட்டேன். போக்கிமான் ரெட் கேசட் உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. அழுத்தலாமா? (மதுரை)

பதில்: அழுத்தாதீர்கள். அந்தத் துளை கேம்பாய் அட்வான்ஸ் கேசட்டுக்கு மட்டும். ரெட் ஆட கேம்பாய், கேம்பாய் கலர், கேம்பாய் அட்வான்ஸ், அட்வான்ஸ் எஸ்பி இதில் ஏதாவது ஒன்று வேண்டும். கேம்பாய் மைக்ரோவிலும் போகாது. வாங்கும் முன் ஐந்து நிமிடம் தேடியிருந்தால் தெரிந்திருக்கும்.

கேள்வி: என் மகன் உண்டியல் காசைச் சேர்த்து, கேம்பாய் கலருக்கான 'போக்கிமான் டயமண்ட்' வாங்கினான். போக்கிமானின் மஞ்சள் பிராணி பிகாச்சுவே இல்லை. வருகிற பிராணிகளெல்லாம் போன் நம்பர் கொடுக்கின்றன, ஆங்கிலம் தலைகால் புரியவில்லை. அழுகிறான். (சிங்கப்பூர்)

பதில்: பையனைத் திட்டாதீர்கள் அம்மா, பெரியவர்களே ஏமாந்த கேசட் இது. அசல் டயமண்ட் 2006-ல் நிண்டெண்டோ டிஎஸ்ஸுக்கு வந்தது, கேம்பாய் கலருக்கு அப்படி ஒன்று வரவே இல்லை. உங்களிடம் இருப்பது 2000-ல் ஜப்பானில் வந்த டெலிஃபாங் என்ற வேறொரு விளையாட்டு. அதன் பெயரை மாற்றி, அரைகுறை ஆங்கிலத்தில் பெயர்த்து, போக்கிமான் படம் ஒட்டி விற்ற திருட்டுப் பதிப்பு. விற்றவரிடம் முழுப் பணமும் கேளுங்கள்.

மகனிடம் இதையும் சொல்லுங்கள்: டெலிஃபாங் மட்டமான விளையாட்டு இல்லை. அதில் போக்கிமானைப் போல பிராணியைப் பந்தில் அடைப்பதில்லை, நட்பாக்கிக்கொண்டால் அது தன் நம்பரைத் தரும், சண்டை வரும்போது போன் போட்டுக் கூப்பிடலாம். போக்கிமான் ஜெயித்த பிறகு ஆளாளுக்கு ஒரு வழி தேடிய காலம் அது. 1998-ல் வந்த டிராகன் குவெஸ்ட் மான்ஸ்டர்ஸில் இரண்டு பிராணிகளை ஜோடி சேர்த்தால் குட்டி கிடைக்கும், பெற்றவை இரண்டும் நம்மை விட்டுப் போய்விடும். முதல் தடவை அது மனதை என்னவோ செய்யும்.

கேள்வி: ரெட், ப்ளூ இரண்டையும் வாங்க வேண்டுமா? (யாழ்ப்பாணம்)

பதில்: வேண்டாம், ஒன்று போதும். ரெட்டில் ஏகன்ஸ் என்ற பிராணி உண்டு, சாண்ட்ஷ்ரூ என்ற பிராணி இல்லை. ப்ளூவில் நேர் எதிர். அப்படிப் பிரித்ததே நண்பரின் கேம்பாயோடு கேபிள் போட்டு இணைத்து மாற்றிக்கொள்வதற்குத்தான். சின்ன வயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர், போக்கிமானை உருவாக்கிய சதோஷி தாஜிரி, கேம்பாய் கேபிளைப் பார்த்ததும் அதன் வழியாகப் பூச்சிகள் ஊர்ந்து போவதாகக் கற்பனை செய்தார், விளையாட்டே அதிலிருந்து பிறந்தது. பிராணிகளைக் கூட்டுச் சேர்க்கும் விளையாட்டு கேம்பாயில் 1992-லேயே இருந்தது, லாஸ்ட் பைபிள் என்று. போக்கிமானைத் தனியாக நிறுத்தியது அந்தக் கேபிள். ஆகவே இரண்டாவது கேசட்டுக்கு வைத்திருக்கும் காசில் ஒரு கேபிள் வாங்குங்கள், ப்ளூ வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப்பிடியுங்கள்.

கேள்வி: கேம்பாய் அட்வான்ஸுக்கான போக்கிமான் எமரால்டு வாங்கினேன். தொடங்கும்போது செல் தீர்ந்துவிட்டது என்று செய்தி வருகிறது. பாதி விலைக்குக் கிடைத்தது. போலியா? (சென்னை)

பதில்: அந்தச் செய்தியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அசலிலும் வரும், சேவுக்கு ஆபத்தில்லை, விளையாட்டில் நட்ட பெர்ரிச் செடி வளராது, அவ்வளவுதான். ஆனால் பாதி விலை என்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது. கேசட் உள்ளே தெரியும் பச்சையாக இருக்கிறதா, லேபிளில் அழுத்திப் பதித்த இரண்டு இலக்க எண் இருக்கிறதா, தொடுமுனைகளுக்கு மேலே போர்டில் நிண்டெண்டோ பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் படங்களைப் பணம் கட்டும் முன் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

கேள்வி: ஜப்பானிய கிரீன் மலிவாகக் கிடைக்கிறது. என் ஆங்கில ரெட்டோடு கேபிள் போட்டு மாற்றலாமா? (டொராண்டோ)

பதில்: கூடாது. சேவ் கெட்டுப்போகும்.