குடிக்கு அடிமையான அண்ணனை மீட்கக் குடும்பத்தால் என்ன செய்ய முடியும்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அண்ணனுக்கு 38 வயது, தினமும் குடி. இரண்டு முறை மையத்தில் சேர்த்தும் வெளியே வந்த வாரமே குடித்துவிட்டார். சத்தியம் வாங்கிப் பார்த்தாயிற்று. அம்மா உங்களுக்குத் தெரியாமல் காசு கொடுக்கிறார். மீண்டவர்கள் வீட்டில் என்ன செய்தார்கள், எத்தனை நாளானது என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் அண்ணன் இப்போது இருக்கும் நிலையில் நான் பதினைந்து வருஷம் இருந்தேன். கடைசியாகக் குடித்தது 2019 மார்ச்சில். நான் டாக்டர் இல்லை. எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் வெல்டர். திருச்சி துவாக்குடியில், பெல் ஆலைக்குப் பாய்லர் பாகங்கள் செய்து கொடுக்கும் ஒரு பட்டறையில் வேலை. பாய்லர் குழாயில் வைக்கிற ஜாயின்ட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். உள்ளே ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் வெட்டிவிட்டு மறுபடி வைக்க வேண்டும். அதற்குக் கை நிதானம் வேண்டும். எனக்கோ காலையில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் கை நிதானத்துக்கு வரும். குடித்தால் வேலை கெடும் என்பார்கள் இல்லையா, என் விஷயத்தில் குடிக்காவிட்டால் வேலை கெட்டது. இது எனக்கு ஒரு பெரிய நியாயமாகத் தெரிந்தது.

காலை 10 மணிக்குத் திறந்துகொண்டிருந்த டாஸ்மாக்கை 2016-ல் பகல் 12 மணிக்கு மாற்றினார்கள். ஊருக்கு நல்லதுதான். என்னைப் போன்றவன் சந்துக்கடைக்குப் போய்க் கூடுதல் காசு கொடுத்து வாங்கினான், அவ்வளவே. அந்தக் கூடுதல் காசு அம்மாவின் முந்தானை முடிச்சிலிருந்து வந்தது. அம்மாவுக்கு அப்போது மாதம் 1,000 ரூபாய் முதியோர் பணம் வரும். பிரஷர் மாத்திரை வாங்க வைத்திருந்த காசு அது. "கை இப்படி நடுங்குதே பிள்ளைக்கு" என்று அழுதுகொண்டே கொடுப்பார்.

நான் அடிமை இல்லை என்பதற்கு என்னிடம் ஒரு அசைக்க முடியாத சாட்சி இருந்தது. ஐயப்பனுக்கு மாலை போட்டால் 48 நாள் தொடமாட்டேன். "நெனச்சா நிறுத்துவேன், பாத்தீங்கல்ல" என்பேன். மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றிய அன்று மாலையே 48 நாள் பாக்கியையும் சேர்த்துக் குடிப்பேன் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நானும்தான்.

2017 கார்த்திகையில் அந்தச் சாட்சி கவிழ்ந்தது. மாலை போட்ட மறுநாள் வேர்த்துக் கொட்டியது, உடம்பு முழுக்க நடுக்கம். மூன்றாம் நாள் இரவு சுவரில் பூரான் பூரானாக ஊர்வது தெரிந்தது. அப்புறம் நடந்தது எனக்கு நினைவில்லை, என் மனைவி சொன்னதுதான். கட்டிலின் இரும்புக் காலுக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து, வெறுங்கையால் விடிய விடிய வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தேனாம். நடுநடுவே "கண்ணைத் திருப்பிக்கோ, ஃபிளாஷ் அடிக்கும்" என்று மகளை எச்சரித்தேனாம். அவள் அந்த அறையிலேயே இல்லை. சாமி இறங்கியிருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கற்பூரம் ஏற்றிச் சரண கோஷம் போட்டிருக்கிறார். வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்ட பிறகுதான் 108-ஐக் கூப்பிட்டார்கள்.

அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு டாக்டர் சொன்னது உங்கள் வீட்டுக்கும் பொருந்தும், கவனமாகப் படியுங்கள். பல வருஷம் தினமும் குடித்தவர் திடீரென்று வீட்டிலேயே நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் வரும். பூரான், பாம்பு, யாரோ கூப்பிடும் குரல், இடம் நேரம் தெரியாத குழப்பம் எல்லாம் இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் வரும். அந்தச் சில நாட்களுக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் மாத்திரையை அதிக அளவில் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருவார்கள். கூடவே வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். தெருமுனை கிளினிக்கில் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திட்டா சரியாயிடும்" என்பது நம் ஊர் வழக்கம். நீண்ட நாள் குடித்தவர் உடம்பில் பி1 வற்றிப் போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம் என்று அந்த டாக்டர் என் மச்சானிடம் கோபமாகவே சொன்னார். ஏனென்றால் முந்தின நாள் மச்சான் என்னை அழைத்துப் போனது அப்படி ஒரு கிளினிக்குக்குத்தான்.

உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆஸ்பத்திரியிலிருந்து என்னை ஒரு மாதம் தங்கும் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். அங்கே வாரத்தில் இரண்டு நாள் குடும்பத்தையும் உட்கார வைப்பார்கள். ஆலோசகர் என் அம்மாவிடம் ஏன் காசு கொடுத்தீர்கள் என்று கேட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "கொடுக்காட்டி செத்துப் போயிருவானோன்னு பயம்மா" என்றார் அம்மா. "உங்க பயம் சரிதாம்மா" என்றார் அவர். அம்மா நிமிர்ந்து பார்த்தார். பதினைந்து வருஷத்தில் அவர் செய்ததைச் சரி என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். "பயம் சரி. ஆனா அதுக்கு மருந்து குவாட்டர் இல்ல, ஆஸ்பத்திரி" என்று அடுத்து சொன்னதை அம்மா அதனால்தான் காதில் வாங்கினார் என்று இப்போது தோன்றுகிறது. உங்கள் அம்மாவோடு சண்டை போடாதீர்கள். காசை நாளைக்கே நிறுத்தச் சொல்லாமல், ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அன்று நிறுத்தச் சொல்லுங்கள்.

இந்தக் குடும்ப வகுப்பு முறை தமிழ்நாட்டில் புதிது இல்லை. சென்னை இந்திரா நகரில் டிடிகே மருத்துவமனை என்று எல்லோரும் சொல்லும் இடத்தை 1980-ல் தொடங்கியவர் சாந்தி ரங்கநாதன். குடியால் கணவரை இழந்தவர். அங்கே குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை. 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எங்கள் ஆலோசகர் அவரைப் பற்றிச் சொன்னபோது என் மனைவி கேட்ட ஒரே கேள்வி: "அவங்க வீட்டுக்காரர் போனப்புறம்தான் இது கண்ணுக்குத் தெரிஞ்சுதா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இதற்கு முன் ஒரு மையத்திலும் இருந்திருக்கிறேன், 2015-ல். பெயர் வேண்டாம். ராத்திரி ஒரு வேனில் நாலு பேர் வந்து தூக்கிப் போனார்கள். அடி, சங்கிலி, பாத்ரூம் கழுவும் வேலை. டாக்டரை 45 நாளில் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. வெளியே வந்து பஸ் ஏறுவதற்கு முன்பே குடித்தேன், ஆசையால் இல்லை, வீட்டார் மேல் இருந்த ஆத்திரத்தால். உங்கள் அண்ணனைச் சேர்த்த இரண்டு இடங்களும் எப்படிப்பட்டவை என்று நீங்கள் எழுதவில்லை. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவால் வரும் மனநலக் கோளாறுகளையும் சேர்த்துத்தான் பேசுகிறது. எந்த நோயாளியையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. சேர்ப்பதற்கு முன் உரிமம் இருக்கிறதா, மனநல டாக்டர் வருகிறாரா, குடும்பம் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். பார்க்க விடமாட்டோம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

சரி, அந்த ஒரு மாதத்தோடு மீண்டுவிட்டேனா என்றால், இல்லை. பதினான்கு மாதம் தாங்கினேன். 2019 தொடக்கத்தில் வெல்டர் தகுதித் தேர்வை மறுபடி எழுதிப் பாஸானேன். சோகத்தில் விழுவேன் என்றுதான் எல்லோரும் காவல் காத்தார்கள். நான் விழுந்தது சந்தோஷத்தில். பட்டறை நண்பர்கள் ட்ரீட் என்றார்கள், ஒரு பீர்தானே என்றேன். பத்தே நாளில் பழைய அளவு.

இந்த முறை வீடு மாறியிருந்தது. முன்பெல்லாம் நான் திண்ணையில் விழுந்தால் மனைவி உள்ளே இழுத்துப் போய்ச் சட்டை மாற்றி, வாந்தியைக் கழுவி, காலையில் ஃபோர்மேனுக்கு "அவருக்குக் காய்ச்சல்" என்று போன் போடுவாள். இப்போது வாந்தி மூச்சுக்குழலில் போகாதபடி ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஒரு போர்வை போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். காலையில் டியூஷனுக்குக் கிளம்பிய மகள் என்னைத் தாண்டிப் போனாள். அந்த நாற்றத்தோடு நான் கண் விழித்தேன். ஃபோர்மேன் போன் செய்ததும் மனைவி போனை என் கையில் கொடுத்தாள். "நீங்களே பேசுங்க." திட்டவில்லை, அழவில்லை. "இந்த வீட்ல உங்களுக்குச் சோறு உண்டு, காசு கிடையாது. ஆஸ்பத்திரிக்குன்னு சொன்னா நடு ராத்திரின்னாலும் வர்றேன்." அம்மாவிடம் போனேன், அதே வார்த்தை. மச்சானிடம் கடன் கேட்டேன், அதே வார்த்தை. மூன்று பேரும் பேசி வைத்திருந்தார்கள். முன்பு எப்போதும் ஒரு கதவு மூடினால் இன்னொன்று திறக்கும், நானும் திறக்கிற கதவை மோப்பம் பிடிப்பதில் கெட்டிக்காரன். உங்கள் வீட்டில் அம்மா, நீங்கள், அண்ணி, மாமா யாராக இருந்தாலும் ஒரே வார்த்தையில் நிற்க முடியுமா என்று பாருங்கள். அண்ணன் கை நீட்டுகிறவர் என்றால் மட்டும் இந்த யோசனை எதுவும் பொருந்தாது. முதலில் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் பத்திரமான இடத்துக்குப் போக வேண்டும். 181-ல் பெண்கள் உதவி எண் இருக்கிறது.

நாலாம் நாள் நானே "ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன்.

இரண்டாவது சிகிச்சைக்குப் பிறகு டைசல்பிராம் மாத்திரை தொடங்கினார்கள். உடம்புக்குள் போகும் சாராயம் முதலில் ஒரு நச்சாக மாறி, அப்புறம்தான் தீங்கில்லாததாக உடையும். இந்த மாத்திரை அந்த இரண்டாவது படியைத் தடுத்துவிடும். குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் ஈரல் பரிசோதனை செய்து, என்னிடம் விளக்கிச் சம்மதம் வாங்கிய பிறகே கொடுத்தார்கள். "குடிப்பவருக்கே தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள்" என்று பவுடர் விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்பிராமாகவே இருந்தால் விஷயம் தெரியாமல் அவர் ஒரு குவாட்டர் அடிக்கும்போது என்ன ஆகும் என்று யோசியுங்கள். சாராயம் கலந்த இருமல் டானிக்கூட ஆகாது என்று என்னைத் தடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் காலை காபியோடு மாத்திரையை மனைவி கொடுப்பாள். கையை நீட்டுவது நான்.

ஞாயிறு மாலை ஏஏ கூட்டத்துக்கும் போகத் தொடங்கினேன். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது. கட்டணம் கிடையாது. ஊர் பேர் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் எழுந்து, காலையில் கை நடுங்காமல் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட என்ன பாடுபட்டார் என்று சொன்னார். கட்டில் காலை வெல்டிங் வைத்த கதையை நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை. அவமானமாக வைத்திருந்த ஒன்றைச் சொல்லிச் சிரித்தது அன்றுதான். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. அண்ணன் வராவிட்டாலும் நீங்கள் போகலாம்.

2020 ஊரடங்கில் கடைகள் மூடியிருந்தபோது எனக்குச் சிரமம் இல்லை. மே 7-ம் தேதி திறந்தார்களே, அன்றுதான் கஷ்டம். ரேஷன் கடை போல வட்டம் போட்டு, வரிசை நீண்டது. வரிசையில் நின்ற ஒருவர் கையசைத்துக் கூப்பிட்டார். வண்டியை ஓரம் கட்டி அந்த வாத்தியாருக்குப் போன் செய்தேன். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தன் வீட்டு முருங்கை மரத்தில் கம்பளிப் பூச்சி வந்த கதையை இருபது நிமிஷம் பேசினார். பேசி முடித்தபோது வண்டியைக் கிளப்ப முடிந்தது.

எங்கே தொடங்குவது என்றால், உங்கள் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. போனில் பேச 14446 போதை மீட்புக்கான இலவச எண், 14416 டெலிமானஸ் என்ற மனநல ஆலோசனை எண். அண்ணன் பேச மாட்டார் என்றால் நீங்களே பேசுங்கள்.

எத்தனை நாளாகும் என்று கேட்டீர்கள். நடுக்கம் நிற்க எனக்குப் பத்து நாள் ஆனது. தூக்கம் ஒழுங்காக ஐந்தாறு மாதம். கடன் அடைய மூன்று வருஷம். மகள் என்னிடம் நேராகப் பேச அதற்கும் மேல். அதுவரை "அம்மா, அவர்கிட்ட ஃபீஸ் கட்டச் சொல்லு" என்பாள். கல்லூரி மூன்றாம் வருஷம், ஒரு மழை நாளில்தான் "அப்பா, ஸ்டாப்புக்கு வண்டி எடுத்துட்டு வர்றியா" என்று போன் செய்தாள். மனைவிக்கு மட்டும் இன்னும் கணக்கு முடியவில்லை. சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போது பக்கத்தில் வந்து, பையை வாங்குகிற சாக்கில் ஒரு மூச்சு இழுப்பாள். முதலில் கோபம் வந்தது. இப்போது நானே கொஞ்சம் குனிந்து பையைக் கொடுக்கிறேன்.