பதினான்கு இலட்சத்தில் நட்டஈடு எவ்வளவு?

கேள்வி: ஹட்டன் பக்கத் தோட்டம். கவ்வாத்து (தேயிலைச் செடி வெட்டும்) மலைக்கு ஆள் ஏற்றிப்போன டிரக்டர் பெட்டி புரண்டு கணவரின் முள்ளந்தண்டு முறிந்தது. 10 மாதமாக இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. துரை (தோட்ட முகாமையாளர்) எட்டிப் பார்க்கவில்லை, தொழிற்சங்கத் தலைவர் போன் எடுப்பதில்லை. 14 இலட்சம் தருவதாகக் கடிதம் வந்திருக்கிறது, மகனுக்கும் வேலையாம். கையெழுத்து வைக்கலாமா?

பதில்: துரை வராததை வைத்து வழக்கு நடத்த முடியாது தங்கச்சி, அதை விடுங்கள். பார்க்க வேண்டியது அந்தக் கடிதம் ஒன்றைத்தான்.

நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 14 இலட்சத்துக்குள் ஈபிஎஃப் (சேமலாப நிதி), ஈடிஎஃப் (நம்பிக்கை நிதி), சேவைக்காலப் பணம் மூன்றையும் சேர்த்திருக்கிறார்கள். அது அவர் உழைத்த காசு, நட்டஈடு இல்லை. கழித்தால் மிஞ்சுவது 5 இலட்சம் சொச்சம். வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்தின் 2022 திருத்தத்தோடு உச்சவரம்பு 20 இலட்சம். வேலைக்குப் போகும் வழியில் நடந்ததும் அதில் அடக்கம், ஆகவே 'பெரட்டுக்கு (காலையில் பேர் பதிவதற்கு) முந்தி நடந்தது' என்று தோட்டம் சொன்னாலும் எடுபடாது.

சிங்களத்தில் இருக்கும் கடைசி வரி 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்கிறது. அதற்குக் கீழேதான் கைநாட்டுக்குக் கட்டம் போட்டிருக்கிறார்கள். இப்படி எழுதி வாங்கியது செல்லாது என்று பிறகு வாதாடலாம்தான். காசு வீட்டுக்கூரைக்கும் கடனுக்கும் போன பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு, அந்த வாதத்துக்காக வருடக்கணக்கில் அலைந்தது அவர்கள்தான்.

அடுத்த குழி, 'ராகமை புனர்வாழ்வு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி முடியட்டும், கால் அசையுதா பார்ப்போம்' என்று காத்திருப்பது. முள்ளந்தண்டு வடத்தில் அறுந்த நரம்பு திரும்ப வளராது. மாவட்ட நீதிமன்றத்தில் கவனயீன வழக்குப் போட விபத்திலிருந்து 2 வருடம்தான், படுக்கையில் கிடந்ததற்காக அது நீளாது.

வழக்குப் போட்டால் படுக்கைப்புண் மருந்து, சிறுநீர்க் குழாய், பார்த்துக்கொள்ளும் ஆள் கூலி எல்லாம் கேட்கலாம். வழக்கில்லாமல் வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடம் போனால் சம்பளத்தையும் இயலாமை வீதத்தையும் வைத்த கணக்கு மட்டும்தான். இரண்டு பக்கமும் வாங்க முடியாது. கவனயீனத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அதே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்து அதே துரையிடம் வேலைக்குப் பேர் போடுகிறவர்கள். உங்கள் நிலைமையில் சமாதானமாகப் போங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் தோட்ட ஆபீசில் வேண்டாம், நட்டஈட்டு ஆணையாளர் முன்னால். விபத்து நடந்து ஒரு வருடம் முடிய முன் விண்ணப்பம் போய்ச் சேரட்டும். டயக்னோசிஸ் கார்டு, சம்பளச் சிட்டை, அந்த மாதச் செக்ரோல் (வேலை வரவுப் பதிவு) பிரதி எடுத்து வையுங்கள்.

மகனின் வேலையை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள்.