கோவை மாதிரி ஒரு ஊரில் சிறு தொழில் தொடங்கினால், ஊர் உண்மையிலேயே கைகொடுக்குமா?

கேள்வி கேட்டவர் "பிராந்தியத் தொழில்முனைவுச் சூழல்" என்று ஒரு சொல்லைப் போட்டு, அது சிறு தொழில்களை வளர்க்கிறதா, அல்லது மாநாட்டு மேடைகளில் பேசுவதற்கு மட்டும்தானா என்று கேட்டிருக்கிறார். நீங்கள் ஏதோ ஒரு மாதச் சம்பள வேலையில் இருந்துகொண்டு, கையில் கொஞ்சம் சேமிப்பை வைத்துக்கொண்டு, சொந்த ஊரா கோவையா என்று யோசிக்கிறீர்கள் என நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும். அந்த நிலையில் நானும் நின்றிருக்கிறேன் என்பதால்தான் எழுதுகிறேன்.

கோவை கணபதியில் எனக்கு ஒரு சிறிய லேத் பட்டறை, அதாவது இரும்பைக் கடைந்து கொடுக்கும் இடம். ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்துவிட்டு, பம்ப் உதிரிபாகம் செய்யும் ஓர் இடத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். 2009-இல் வெளியே வந்தேன். கையில் இருந்தது பழைய லேத் ஒன்று வாங்கும் அளவுக்கான பணம், அதிலும் பாதி மனைவியின் வளையல். வேலையை விடுகிறேன் என்று முதலாளியிடம் சொல்லப் போனபோது திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவும் செய்தார். திட்டி முடித்துவிட்டு, "மாதம் இருநூறு ஷாஃப்ட் நீயே கடைந்து கொடு" என்றார். ஷாஃப்ட் என்றால் பம்புக்குள் சுழலும் தண்டு. இரும்புக் கடைக்கு அவரே போன் செய்து, "நம்ம பையன்தான், கம்பி கொடுங்கள், பணம் நாற்பது நாள் கழித்து வரும்" என்றும் சொல்லிவிட்டார். எந்த வங்கியிலும் எனக்கு அப்போது ஐயாயிரம் ரூபாய்கூடக் கடன் கிடைத்திருக்காது. ஒரு போன் பேச்சில் ஒன்றரை டன் கம்பி வந்து இறங்கியது. அவருக்கும் லாபம் இல்லாமல் இல்லை. தெரிந்த கை, அரைச் செலவு, தன் கூரைக்கு வெளியே. "சூழல்" என்று நீங்கள் சொல்வது இதைத்தான் என்றால், ஆமாம், அது இருக்கிறது.

இது திடீரென்று முளைத்ததல்ல. 1888-இல் இங்கே ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930களில் நீலகிரியிலிருந்து பைகாரா மின்சாரம் வந்த பிறகு நூற்பாலைகள் பெருகின. மில் மெஷின் பழுதானால் சரிசெய்யப் பட்டறைகள் வேண்டும். இந்தப் பக்கம் மழை குறைவு, கிணறு ஆழம். ஆகவே பம்பும் மோட்டாரும் வேண்டும். பம்புக்கு வார்ப்பு வேண்டும், வார்ப்புக்குப் பேட்டர்ன், அதாவது அச்சு மாதிரி, செய்பவர் வேண்டும். அவரவரிடம் வேலை பழகியவர் அடுத்த தெருவில் கடை போட்டார். பிறகு அதே கைகள் மாவரைக்கும் கிரைண்டரையும் செய்தன. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. அதனால் இன்றைக்கு ஒருவன் ஒரே ஒரு லேத்தை வைத்துக்கொண்டு தொழில் நடத்த முடிகிறது. ஷாஃப்டில் கீவே என்கிற காடி வெட்ட ஒரு இடம், தேய்த்து அளவைத் துல்லியமாக்கும் கிரைண்டிங்குக்கு ஒரு இடம், சூடாக்கிக் கடினமாக்கும் ஹீட் ட்ரீட்மென்டுக்கு ஒரு இடம். எல்லாம் டிவிஎஸ் வண்டியில் கால் மணி நேரத் தூரம். என் பட்டறையில் இல்லாத மெஷின்கள் எல்லாம் என் பட்டறைக்கு வெளியே இருக்கின்றன, அவ்வளவுதான். இதே லேத்தை என் சொந்த ஊரில் போட்டிருந்தால் கிரைண்டிங் மெஷினையும் நானே வாங்கியிருக்க வேண்டும். வாங்கியிருந்தால் இரண்டாம் வருடமே மூடியிருப்பேன்.

பம்பே செய்து விற்க நினைப்பவருக்கும் இது பொருந்தும். பம்புக்குத் தர முத்திரை வாங்கப் பரிசோதனை செய்தாக வேண்டும். அதற்கான கூடத்தைச் சொந்தமாகக் கட்டச் சிறியவர்களால் முடியாது. சிட்டார்க் பரிசோதனைக் கூடம் இருப்பதால் கட்டணம் கட்டிப் பார்த்துக்கொள்கிறார்கள். இங்குள்ள சிறு தொழில் சங்கமான கொடிசியா நடத்தும் இன்டெக் இயந்திரக் கண்காட்சிக்குப் போனால், எந்த மெஷின் என்ன விலை என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். வாங்கக் காசு இல்லாவிட்டாலும் போவோம். புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கான மாநில அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு. வாங்கியவர்களையும் தெரியும், அலைந்து அலுத்தவர்களையும் தெரியும். நான் விண்ணப்பிக்கவில்லை, ஆகவே அதைப் பற்றிக் கருத்துச் சொல்லமாட்டேன்.

2012-இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த வருட மின்வெட்டை இங்கே யாரும் மறக்கமாட்டார்கள். பகலில் இரண்டு மணி நேரம் கரன்ட் இருந்தால் அதிகம். திங்கட்கிழமைக்குள் நானூறு ஷாஃப்ட் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை மாலை நூற்று அறுபதுதான் முடிந்திருந்தது. ஜெனரேட்டர் வாடகைக்குக் கேட்டால் அந்த வேலையின் கூலியைவிட வாடகை அதிகம். சிங்காநல்லூர் பக்கம் ஒருவர் பட்டறை வைத்திருந்தார். அதே கம்பெனிக்கு அதே ஷாஃப்டைச் செய்பவர். என் வேலை போனால் அவருக்குத்தான் போகும். அவரிடம் போய் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. போனேன். அவர் சொன்னது: "தம்பி, உங்களுக்குக் கரன்ட் வரும் ஃபீடர் லைனும் எங்கள் ஃபீடர் லைனும் வேறு. உங்களுக்குக் கரன்ட் இல்லாத நேரத்தில் எங்களுக்கு இருக்கும். ராத்திரி பத்துக்கு மேல் என் மெஷின் சும்மாதான் நிற்கிறது, வந்து ஓட்டிக்கொள்."

இரண்டு இரவும் ஒரு பகலும் அங்கும் இங்குமாகக் கம்பிகளை ஆட்டோவில் ஏற்றி இறக்கி முடித்தோம். மைக்ரோமீட்டரில் 0.02 மில்லிமீட்டர் கூடினாலும் திருப்பி அனுப்புவார்கள். தூக்கக் கலக்கத்தில் ஏழு ஷாஃப்டைக் கெடுத்தேன். அவர் ஒரு ரூபாய் வாங்கவில்லை. கரன்ட் பில்லுக்காவது வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணா என்றதற்கு, "அடுத்த மாதம் எங்கள் ஃபீடர் போகும், அப்போது வருகிறேன்" என்றார். வந்தார்.

இதைப் படித்துவிட்டு யாராவது "கொங்குக்காரரின் பெருந்தன்மை" என்று எழுத ஆரம்பித்துவிட வேண்டாம். அவர் போட்டது கணக்கு. அவரும் நானும் ஒரே கிரைண்டிங்காரரிடம் போகிறோம், ஒரே இரும்புக் கடையில் கடன் வைத்திருக்கிறோம். நான் முங்கினால் அந்தக் கடைக்காரர் அடுத்து அவரைத்தான் இறுக்குவார். இரண்டு வருடம் கழித்து இதே அண்ணன், மாதம் 1,500 ரூபாய் அதிகம் கொடுத்து என்னிடம் இருந்த நல்ல டர்னரைத் தூக்கிக்கொண்டு போனார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி போவதும் வருவதும் மட்டும் நின்றதில்லை.

இதுவரை எழுதியதைப் பார்த்தால் ஊர்ப் பெருமை பாடுகிறேன் என்று தோன்றும். என் உண்மையான பதில் இனிமேல்தான்.

2018-இல் ஒரு பெரிய வாடிக்கையாளர் 6 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் பாக்கி வைத்தார். பெயர் சொல்லமாட்டேன். 2006-ஆம் ஆண்டுச் சிறு தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, ஒப்பந்தமே இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாந்திரக் கூட்டு வட்டி. படிக்க எவ்வளவு இனிப்பான சட்டம்! எனக்கு 170 நாள் ஆகியிருந்தது. இதில் இன்னொரு கொடுமை: பணம் வந்தாலும் வராவிட்டாலும், பில் போட்ட அடுத்த மாதமே ஜிஎஸ்டியை நான் கட்டியாக வேண்டும். வராத பணத்துக்கு வரியைக் கட்டிவிட்டு, அதற்காக நகையை அடகு வைத்தேன்.

சிறு தொழில்களின் பாக்கிப் புகார்களுக்கான அரசின் சமாதான் இணையதளத்தில் புகார் கொடு என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு மதியம் பில் நகல்களை எடுத்துக்கொண்டு, விவரம் தெரிந்த ஒருவரிடம் மனு எழுதக் கேட்டேன். இன்னும் பதிவுகூடச் செய்யவில்லை. மறுநாள் காலை எட்டரைக்கு அந்தக் கம்பெனியின் பர்ச்சேஸ் ஆள் போனில் வந்தார். "என்னங்க, நம்ம மேலேயே கேஸ் போடுகிறீர்களாமே?" என்றார், சிரித்துக்கொண்டே. நான் எங்கே உட்கார்ந்து டீ குடித்தேன் என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. அன்று மாலை கிரைண்டிங்காரரும் கேட்டார். இரும்புக் கடையில் "இந்த முறை பாதியாவது ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள்" என்றார்கள்.

நான் புகார் கொடுக்கவில்லை. பணம் பதினொரு தவணையில் வந்தது, வட்டி இல்லாமல். கோழை என்று சொல்லிக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டு, ஊரில் மொத்தம் எட்டுப் பத்து பேரிடம் மட்டுமே ஆர்டர் வாங்க முடிகிற ஒருவன் இதே முடிவைத்தான் எடுப்பான். ஒரு போன் பேச்சில் ஒன்றரை டன் கம்பி கொடுத்த ஊர்தான் ஒரு போன் பேச்சில் என் கடனையும் நிறுத்தப் பார்த்தது. இரண்டும் ஒரே கம்பி வழியாகத்தான் ஓடுகின்றன. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை.

2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு நடைமுறைக்கு வந்தது. சிறியவருக்கு 45 நாளுக்குள் பணம் தராமல் ஆண்டு முடிந்துவிட்டால், அந்த ஆண்டில் அதைச் செலவாகக் காட்ட முடியாது. நல்லதுதானே என்கிறீர்களா? ஒருவர் என்னிடம் "உங்கள் உத்யம் பதிவை ரத்து செய்துவிட முடியுமா" என்று கேட்டார். உத்யம் என்பது சிறு தொழில் என்பதற்கான அரசுப் பதிவு; அது இல்லாவிட்டால் அந்தப் பிரிவு தன்னைப் பிடிக்காது என்பது அவர் கணக்கு. முடியாது என்றேன். அந்த ஆர்டர் அதோடு நின்றுபோனது. இன்னொருவர் மட்டும் அந்த வருடத்திலிருந்து ஒழுங்காகக் கொடுக்கிறார். அவரவர் ஆடிட்டரைப் பொறுத்தது.

"ஒருவனுடைய அனுபவத்தை வைத்து ஊரையே எடை போடலாமா" என்று வருவீர்கள். போடவில்லை. கணினியில் ஓடும் பெரிய சிஎன்சி மெஷின் போட்டவர்கள், ஏற்றுமதி செய்பவர்கள் வேறு கதை சொல்வார்கள். 2022-இல் மின்கட்டணத்தையும் நிலைக்கட்டணத்தையும் ஏற்றினார்கள், வெட் கிரைண்டருக்கு ஜிஎஸ்டி 5-லிருந்து 18 சதவீதம் ஆனது. அதற்கெல்லாம் நானும் கூட்டத்தோடு நின்று கோஷம் போட்டேன். அது வேறு கணக்கு.

கேட்காததை ஒன்று சொல்லிவிடுகிறேன், மனதில் இருக்கிறது. என் தம்பியும் என்னோடு பட்டறையில்தான் இருக்கிறான். முப்பத்து நான்கு வயது. பெண் பார்க்கப் போகும் இடத்தில் எல்லாம் "சொந்தத் தொழில்" என்றால் முகம் மலர்கிறது, "லேத் பட்டறை" என்றால் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள். என்னிடம் வேலை பழகிவிட்டு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ் கீப்பிங் சூப்பர்வைசராகப் போன பையனுக்குப் போன மாசி மாதம் கல்யாணம் ஆகிவிட்டது. தொழில்முனைவோரை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துகிற ஊர் என் தம்பிக்குப் பெண் கொடுக்காது. இதற்கு எந்தத் திட்டத்தில் மானியம் கேட்பது?

சரி, உங்கள் விஷயம். முதலில் ஓராண்டாவது இங்கே ஒரு பட்டறையில் சம்பளத்துக்கு இருங்கள். உங்களுக்காகப் போன் எடுக்க ஒரு ஆள் இல்லாமல் ஷெட் வாடகைக்கு எடுக்காதீர்கள். கையில் ஆறு மாதப் பாக்கியைத் தாங்கும் பணம் தனியாக இருக்கட்டும். அதை மெஷினில் போடாதீர்கள். ஒரே வாடிக்கையாளருக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேலை செய்யாதீர்கள். நான் செய்தேன்.

எந்தப் பொருள் செய்யப் போகிறீர்கள் என்று கேள்வியில் இல்லை. கீழே எழுதினால் எந்தத் தெருவில் விசாரிக்க வேண்டும், கிரைண்டிங்குக்கும், முலாம் பூசும் பிளேட்டிங்குக்கும் எங்கே போக வேண்டும் என்று சொல்கிறேன். யார் ஒழுங்காகப் பணம் கொடுப்பார், யார் கொடுக்கமாட்டார் என்று மட்டும் இங்கே பொதுவில் கேட்காதீர்கள். அந்தப் பர்ச்சேஸ் ஆளும் இந்தத் தளத்தில் இருக்கலாம்.