சம்ப்பில் ஒரு குட்டிக் குழாய்: வீட்டிலேயே கார் ஆயில் மாற்றுபவர்களின் கேள்விகள்

வீட்டிலேயே ஆயில் மாற்றுவது பற்றி முன்பு எழுதியபோது, பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டுக்குப் பதிலாக மாட்டும் வால்வைப் பற்றி ஒரே ஒரு வரிதான் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் பெங்களூரு வாசகர்களிடமிருந்து அதிகக் கேள்விகள் வந்திருக்கின்றன. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இன்ஜினுக்குக் கீழே ஆயில் தேங்கி நிற்கும் தொட்டிதான் சம்ப். அதன் அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, அதே மரையில் ஒரு சின்னப் பித்தளைக் குழாயை நிரந்தரமாக மாட்டிவிடுகிறோம். அடுத்த முறை ஸ்பேனர் வேண்டாம். லிவரைத் திருப்பினால் பழைய ஆயில் இறங்கும். ஜப்பானின் ஃபுமோட்டோ இந்த வகையில் பெயர் பெற்றது. இனி கேள்விகள்.

மர்ஃபி டவுன் வாசகர்: வண்டி ஓடும்போது இந்த லிவர் தானாகத் திறந்துகொள்ளாதா? நடுரோட்டில் ஆயில் முழுக்கக் கொட்டினால் இன்ஜின் போய்விடுமே!

பயம் நியாயமானது. ஆயில் இல்லாமல் சில நிமிடம் ஓடினாலே பேரிங் போய்விடும். ஆனால் அதிர்வினால் மட்டும் இந்த லிவர் திறக்காது. உள்ளே துளையிட்ட ஒரு உருண்டை இருக்கிறது. மூடிய நிலையில் லிவர் ஒரு பள்ளத்தில் ஸ்பிரிங் அழுத்தத்தோடு உட்கார்ந்திருக்கும். அதைச் சற்றுத் தூக்கி, பிறகு கால் சுற்று திருப்பினால்தான் வழி திறக்கும். இரண்டு அசைவும் சேர்ந்து நடக்க வேண்டும்.

எனக்குக் கவலை அதிர்வைப் பற்றி இல்லை, அடிபடுவதைப் பற்றித்தான். ரோட்டில் கிடக்கும் கேபிள் துண்டு, கம்பி, பெரிய கல் இவை லிவரில் மாட்டலாம். அதனால் லிவரைப் பூட்டி வைக்கும் கிளிப் கட்டாயம் வேண்டும். லிவரே இல்லாத வகையும் உண்டு. ஜெர்மனியின் ஸ்டால்பஸ் வால்வில் மேலே ஒரு உலோக மூடி இருக்கும். மூடியைக் கழற்றி, குழாய் இணைத்த அடாப்டரைத் திருகினால்தான் உள்ளே வால்வு திறக்கும். வண்டி தாழ்வாக இருந்தால் நான் இந்த வகையைத்தான் சொல்வேன்.

விவேக் நகர் வாசகர்: என்னிடம் ஸ்விஃப்ட் இருக்கிறது. எங்கள் தெரு ஹம்ப்களில் (வேகத்தடைகளில்) ஏற்கெனவே அடி தட்டுகிறது. வால்வு போடலாமா?

இந்த ஊரில் வால்வு வேண்டுமா வேண்டாமா என்பதை முடிவு செய்வதே இந்தக் கேள்விதான். மற்றதெல்லாம் அப்புறம்.

வளைந்த ஹம்ப்புக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அப்படிப் போட்டால் கார் மெதுவாக ஏறி இறங்கிவிடும். நம் தெருக்களில் மிச்சத் தாரைக் குவித்து, ஒரு முழ அகலத்தில் செங்குத்தாகப் போட்டு வைத்திருப்பதுதான் அதிகம். முன்சக்கரம் இறங்கியதும் வண்டியின் வயிறு அதன்மேல் உட்காருகிறது. ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ. என்பது காலி வண்டிக்கு. ஐந்து பேரும் டிக்கியில் சாமானும் ஏறினால் அது நன்றாகக் குறையும்.

ஆகவே வாங்குவதற்கு முன் ஒரு டார்ச்சோடு குனிந்து பாருங்கள். ட்ரெயின் போல்ட் எந்தப் பக்கம் பார்க்கிறது? பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ பார்த்தால் வால்வு பெரும்பாலும் சம்ப்பின் அடிமட்டத்துக்கு மேலேயே நின்றுவிடும். அடிபடும் ஆபத்து குறைவு, தாராளமாகப் போடலாம். நேராகத் தரையைப் பார்த்து இருந்தால் வால்வின் முழு நீளமும் கீழே தொங்கும். அப்போது இன்ஜினைத் தாங்கும் சப்ஃப்ரேமிலிருந்து சம்ப்பின் அடிவரை ஒரு நேரான மரப் பட்டியைப் பிடித்துப் பாருங்கள். வால்வு அந்தக் கோட்டுக்குக் கீழே வரும் என்றால் வேண்டாம். வால்வு உடைவது ஒரு பக்கம், அது உடையும்போது அலுமினிய சம்ப்பையும் பிளந்துகொண்டு வரலாம்.

இன்ஜின் கார்ட் தகடு உள்ள வண்டியில் வால்வு தகட்டுக்கு மேலே மறைந்திருந்தால் மிக நல்லது. கார்டில் ட்ரெயின் துளை இருக்கிறதா, அதன் வழியே லிவரும் குழாயும் கைக்கு எட்டுமா என்று மட்டும் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் கார்டைக் கழற்ற வேண்டியிருந்தால் வால்வு போட்ட பயனே போய்விடும்.

உங்கள் விஷயத்தில், ஏற்கெனவே தட்டுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போல்ட் கீழ்நோக்கி இருந்தால் வால்வை மறந்துவிடுங்கள். நல்ல ரிங் ஸ்பேனரும் ஒவ்வொரு முறையும் புது வாஷரும் போதும்.

ஸ்ரீராமபுரம் வாசகர்: எந்த சைஸ் வாங்குவது? ஆன்லைனில் "எல்லா காருக்கும் பொருந்தும்" என்று போட்டிருக்கிறார்களே.

எல்லா காருக்கும் பொருந்தும் மரை என்று ஒன்று கிடையாது. ஹோண்டா, ஹூண்டாய் கார்களில் பெரும்பாலும் எம் 14 × 1.5. டொயோட்டா பெட்ரோல் கார்கள் பலவற்றில் எம் 12 × 1.25. முதல் எண் விட்டம், இரண்டாவது எண் மரைக்கு மரை உள்ள இடைவெளி, இரண்டுமே மி.மீட்டரில். விட்டம் ஒத்து இடைவெளி மாறினால், முதல் ஒரு சுற்று போவதுபோல் போய், பிறகு இறுகும். அங்கே ஸ்பேனர் போட்டு முறுக்கினால் சம்ப்பின் மரை போச்சு.

பாதுகாப்பான வழி, அதே போல்ட்டை உதிரியாக ஒன்று வாங்கி ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைக்கு எடுத்துப் போய், மரை இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்துவிடுவது. மாட்டும்போது முதல் நான்கு சுற்று வெறும் விரலால் போக வேண்டும். போகவில்லை என்றால் அது உங்கள் வண்டிக்கானது இல்லை. கடைசி இறுக்கத்துக்கு, எவ்வளவு முறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் பயன்படுத்துங்கள். எஃகு போல்ட்டுக்குப் பல பெட்ரோல் கார்களில் 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை சொல்வார்கள். பித்தளை அந்த அளவு தாங்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வால்வோடு வரும் தாளில் உள்ள அளவுதான் கணக்கு.

இதையே நான்கு பேர் வேறு மாதிரி கேட்டிருக்கிறார்கள்: மரை ஏற்கெனவே தேய்ந்துவிட்டது, வால்வு போட்டால் சரியாகுமா? ஆகாது. முதலில் லேத்தில் கொடுத்து மரைக்கு இன்சர்ட் (புது மரை உள்ள உலோக வளையம்) போடுங்கள், அல்லது சம்ப்பை மாற்றுங்கள். மரை நன்றாக இருக்கும்போதே வால்வு போட்டால், வருடா வருடம் கழற்றி மாட்டும் தேய்மானம் மிச்சமாகும். இந்த வால்வின் உண்மையான பலன் எனக்கு அதுதான். நேரம் மிச்சமாவது சும்மா ஒரு கூடுதல் லாபம்.

காக்ஸ் டவுன் வாசகர்: குழாய் வழியாக ஆயில் முழுக்க இறங்குமா?

கொஞ்சம் தங்கும். வால்வின் மரைப் பகுதி சம்ப்புக்குள் சற்று நீட்டிக்கொண்டிருந்தால், அந்த உயரத்துக்குக் கீழே உள்ள ஆயில் நிற்கும். இன்ஜினுக்குள் எப்படியும் ஒட்டியிருக்கும் பழைய ஆயிலோடு பார்த்தால் இது பெரிய விஷயம் இல்லை. துளை சிறியது என்பதால் நேரமும் கூடும். பத்து நிமிடம் வண்டியை ஓட்டி, கொஞ்சம் ஆறவிட்டு, மேலே ஆயில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு இறக்குங்கள். வால்வு இருக்கிறது என்பதற்காக ஃபில்டரை விட்டுவிட வேண்டாம். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே புதியதை மாட்டுங்கள்.

ஒரு பழக்கம் சொல்கிறேன், தயவுசெய்து பின்பற்றுங்கள். வால்விலிருந்து கழற்றிய கிளிப்பைப் புது ஆயில் கேன் மூடியின்மேல் வையுங்கள். கிளிப் திரும்ப லிவரில் ஏறிய பிறகுதான் கேனைத் திறக்க வேண்டும். திறந்த வால்வின் வழியே புது ஆயிலை ஊற்றித் தரையில் விட்டவர்கள் நிறையப் பேர்.

ஜெயநகர் வாசகர்: பிஎஸ்-6 டீசல் எஸ்யூவி வைத்திருக்கிறேன். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறிக்கொண்டே வருகிறது. வால்வு இருந்தால் கொஞ்சம் இறக்கிச் சரிசெய்துகொள்ளலாமே?

இறக்கலாம், ஆனால் சரியாகாது. ஏறுவது ஆயில் இல்லை, டீசல். புகைக் குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப், சேர்ந்த கரியை அவ்வப்போது சுட்டெரிக்கும். அந்த வெப்பத்துக்காகப் பெரும்பாலான இன்ஜின்கள் கூடுதல் டீசலைத் தெளிக்கின்றன. அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் வழிந்து சம்ப்புக்கு வருகிறது. சில்க் போர்டு ஜங்ஷனில் ஊர்ந்துவிட்டு நான்கு கிலோமீட்டரில் வண்டியை அணைத்தால், எரிப்பு பாதியில் நின்று, அடுத்த முறை மறுபடி தொடங்கும். டீசல் சேர்ந்துகொண்டே போகும்.

டீசல் கலந்த ஆயில் தண்ணீர் போல நீர்த்துவிடும், பேரிங்கைக் காக்காது. அதில் அரை லிட்டர் இறக்கினால் மட்டம் குறையும், மிச்சம் இருப்பதும் அதே நீர்த்த ஆயில்தானே? மட்டம் மேல்கோட்டைத் தாண்டி, டிப்ஸ்டிக்கில் டீசல் வாடையும் வந்தால் முழு ஆயிலையும் மாற்றுங்கள். புது ஆயில் டிபிஎஃப் வண்டிக்கான குறைந்த சாம்பல் வகையாக, மேனுவலில் சொன்ன தரத்தில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை நைஸ் ரோட்டிலோ துமகூரு ரோட்டிலோ அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள். புது ஆயிலைத் தவறிக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிவிட்டால் மட்டும், அதை இறக்க வால்வு அருமையாக உதவும்.

அல்சூரிலிருந்து ஒரு அம்மா: என் மகன் அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஜாக்கி போட்டு, காருக்கு அடியில் படுத்து வேலை செய்கிறான். பார்த்தால் வயிறு கலங்குகிறது. இந்த வால்வு போட்டால் அடியில் போக வேண்டாமா?

அம்மா, உங்கள் பயம் சரியானது. அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். டிக்கியில் வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டுமே. அது தாங்கும் வண்டிக்கு அடியில் ஒரு கை கூடப் போகக் கூடாது. ஜாக்கி நழுவினால் நகர நேரமே இருக்காது. சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இரண்டு பக்கமும் வண்டியை நிலையாகத் தாங்கும் ஜாக்கி ஸ்டாண்டில் வண்டியை உட்கார வைத்த பிறகே குனிய வேண்டும். பேஸ்மென்ட்டுக்கு இறங்கும் சரிவில் இந்த வேலையே ஆகாது.

உயரமான வண்டியாக இருந்து, குழாய் மாட்டும் முனை உள்ள வால்வு போட்டால், தூக்காமலேயே பக்கத்திலிருந்து கையை நீட்டித் திறக்க முடியும். தாழ்ந்த காரில் அது நடக்காது. அங்கே டிப்ஸ்டிக் துளை வழியாக ஆயிலை உறிஞ்சும் கைப்பம்பு வாங்கிக் கொடுங்கள். பல கார்களில் அடியில் போகும் வேலையே இருக்காது. ஃபில்டரும் மேலிருந்து எட்டும் வண்டியா என்று மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

சிவாஜிநகர் வாசகர்: பழைய ஆயிலை என்ன செய்வது? கான்கிரீட் போட அடிக்கும் சென்ட்ரிங் பலகைக்குத் தடவ ஒருவர் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். மழையில் அது மண்ணுக்குத்தான் போகும். சாக்கடையிலும் ஊற்ற வேண்டாம். நம் மழைநீர்க் கால்வாய்களை ராஜகாலுவே என்கிறோம், அவை ஏரிகளை ஒன்றோடொன்று இணைக்க வெட்டியவை. தெருவில் ஊற்றுவது பெலந்தூர், வர்த்தூர் ஏரிகள் வரை போய்ச் சேரும். 2017-ல் பெலந்தூர் ஏரி தீப்பிடித்ததைப் பார்த்தவர்கள் நாம். அந்த ஏரிக்கு இன்னும் ஒரு சொட்டு வேண்டாம்.

பழைய ஆயில் 2016-ம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு. புது ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி, இறுக மூடி, சர்வீஸ் சென்டரிலோ அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பிலோ சேர்த்துவிடுங்கள். கூலன்ட், பெட்ரோல், தண்ணீர் எதையும் கலக்காதீர்கள், கலந்தால் வாங்க மாட்டார்கள். கையில் நைட்ரைல் கையுறை போடுங்கள். பழைய ஆயில் தோலில் அடிக்கடி படுவது நல்லதில்லை.

ஃப்ரேசர் டவுன் வாசகர்: வாரன்டி போய்விடுமா? கழற்றிய போல்ட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

வாரன்டி இருக்கும்வரை வால்வு போட வேண்டாம். சம்ப் பக்கம் ஏதாவது ஆனால் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

போல்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு புது வாஷரோடு சேர்த்து ஜிப் கவரில் போட்டு டேஷ்போர்டு அறையில் வையுங்கள். வால்வு எங்காவது அடிபட்டு, மரை மட்டும் தப்பியிருந்தால், அந்த போல்ட்டும் மூன்றரை லிட்டர் ஆயிலும்தான் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரும்.